முகத்தில் கை படக்கூடாது

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம், கைப்பேசியில் பழைய காசு வாங்க ஆரம்பித்ததுதான். மற்ற வீட்டு ஆண்கள் கோயில் கமிட்டியில் சேர்ந்தார்கள், வாசலில் கறிவேப்பிலை வளர்த்தார்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கினார்கள். இவர் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு செத்துப்போன ராஜாக்களின் தலையைத் தேடிக்கொண்டிருந்தார். காசு கொடுத்துக் காசு வாங்குகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்தேன்.

கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகிற சாலையில், உள்ளே ஒதுங்கிய ஒரு தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. அவர் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் கிராணியாக இருந்தவர். காகித வேலைதான் என்றாலும் கிடங்கில் நின்று பெட்டிகளைச் சரிபார்க்கவும் வேண்டியிருக்கும். ஒருமுறை பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புப் பட்டை தெறித்து வலது பெருவிரலைக் கிழித்துவிட்டது. காயம் ஆறிய பிறகும் ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு நின்றுபோனது. காசை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கும்போது எனக்கு அந்தத் தழும்புதான் முதலில் கண்ணில் படும்.

முதல் பார்சலில் வந்தது மலாயா காலத்து இருபது காசு. கைப்பேசிப் படத்தில் வெள்ளை வெளேரென்று மின்னியது. கையில் எடுத்தபோதும் மின்னத்தான் செய்தது. "பாத்தியா, இவ்வளவு வருஷம் ஆயும் எப்படி இருக்கு!" என்று நீட்டினார். நான் அதைச் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தேன்.

"ரிஜெக்ட்," என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் நான் சொன்னது வாய்க்கு வந்த வார்த்தையில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுபாங் ஜெயா பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். விடியும் முன்னே ஃபேக்டரி பஸ் ஏறினால், நாள் முழுக்க ஸ்கோப் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். நகத்தைவிடச் சிறிய சில்லுகளைக் கண்ணாடிக்கடியில் வைத்து, கீறல் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, கால் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பெயர் ரிஜெக்ட்.

அந்த வேலையில் இரண்டு தப்புக்குத்தான் திட்டு விழும். கெட்டதை நல்லதென்று விடுவது ஒன்று. நல்லதைக் கெட்டதென்று சிவப்புப் பெட்டியில் போடுவது இன்னொன்று. அதை ஓவர் ரிஜெக்ட் என்போம். சூப்பர்வைசர் இரண்டாவதற்குத்தான் அதிகமாகக் கத்துவார். என் மகன் சின்னப் பையனாக இருந்தபோது, குழம்பில் உப்பு இல்லை என்று நான் அலுத்துக்கொண்டால், "ம்மா, ஓவர் ரிஜெக்ட்!" என்பான். எங்கள் வீட்டில் அது ஒரு கேலி வார்த்தையாகவே இருந்தது.

அந்த இருபது காசை யாரோ பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்திருந்தார்கள். தேய்க்காத பழைய காசைச் சாய்த்தால் வெளிச்சம் அதன் மேல் வட்டமாக ஓடும். தேய்த்த காசில் ஓடாது. எங்கும் ஒரே மாதிரி அசட்டுப் பளபளப்பாக இருக்கும். லென்ஸில் பார்த்தால் முடியளவு கீறல்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். இதை அவருக்குக் காட்டினேன். அன்றைக்கே மகனிடம் சொல்லி எனக்கென்று ஒரு நல்ல லென்ஸ் வாங்க வைத்தார். கிண்டல் செய்துகொண்டிருந்தவள் அந்த லென்ஸோடு கூட்டாளியாகிவிட்டேன்.

படத்தைப் பார்த்துக் காசு வாங்குவது பெண் பார்க்கப் போவது மாதிரிதான் என்று அவர் சொல்வார். எந்தப் பக்கம் காட்டவில்லையோ அந்தப் பக்கத்தில்தான் விஷயம் இருக்கும். விளிம்பில் அடிபட்டிருந்தால் விற்பவர் சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார். ஃபிளாஷ் போட்டால் தேய்மானம் மறைந்துவிடும். அதனால் பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் சாய்த்து இன்னொரு படம் கேட்போம். ராஜாவின் புருவமும் காதுக்கு மேலே இருக்கிற முடியும்தான் முதலில் தேயும். புருவம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். விற்பவர்கள் எல்லாக் காசுக்கும் "கண்டிஷன் டிப் டாப் boss" என்றுதான் எழுதுவார்கள். நாங்கள் எங்களுக்கென்று நாலு வார்த்தை வைத்துக்கொண்டோம். புதுசு, புழங்கினது, தேஞ்சது, மொட்டை. முகமே அழிந்துபோன காசுதான் மொட்டை. அது எந்த ராஜா என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது.

அவர் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். "முகத்துல கை படக்கூடாது," என்பார். ஒருமுறை பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல விரல் ரேகை பழுப்பாகக் கிளம்பி வரும். வந்துவிட்டால் போகாது. சுபாங் ஜெயாவில் குடியிருக்கிற மகன் எப்போதாவது வந்து பெட்டியைத் திறந்தால், அவனுக்கும் இதே பாட்டுத்தான்.

ஒருமுறை கம்போங் மேடானிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் அனுப்பிய காசு வந்தது. எங்கள் ஊர்த் தமிழில் ரிங்கிட்டுக்குப் பெயர் வெள்ளி. ஒரு ரிங்கிட் என்று சொல்லமாட்டோம், ஒரு வெள்ளி என்போம். இப்போது ஒரு வெள்ளி என்றால் தாள்தான். முன்பு கெரிஸ் கத்திப் படம் போட்டு மஞ்சள் நிறத்தில் ஒரு வெள்ளிக் காசு இருந்தது. கள்ளக்காசு பெருகிப்போனதால் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்தக் காசைத்தான் கேட்டிருந்தோம். படத்தில் கறுத்து, பழையதாக, நன்றாக இருந்தது. வந்தது நேற்று செய்த குத்துவிளக்கு மாதிரி தகதகவென்று இருந்தது. நான் லென்ஸை வைத்தேன். எழுத்துகளின் இடுக்கில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன.

"நம்ம ஆளுங்க வீட்டுக் காசுங்க. புளி போட்டுத் தேச்சிருக்காங்க," என்றேன்.

அவர் நம்பவில்லை. அந்தப் பெண்ணுக்கே போன் போட்டு, நானும் கேட்கும்படி வைத்தார்.

"காசு கெடச்சிச்சும்மா. படத்துல கறுப்பா இருந்துச்சே, இப்ப பளபளன்னு இருக்கே?"

"ஆமா அங்கிள்! சாமி மேடையில இருந்த காசுலா. மஞ்சளும் குங்குமமும் அப்பிக்கெடந்துச்சு. அப்படியே அனுப்பினா நல்லாவா இருக்கும்? வியாழக்கெழமை வெளக்கு தேய்க்கிறப்ப அதையும் சேத்து புளி வச்சு தேச்சிட்டேன். நல்லா இருக்குல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது. பெருமையாகச் சொன்னாளே, அந்தப் புண்ணியவதி! பழைய காசு சேர்க்கிறவர்கள் கணக்கில் அந்தக் காசைக் கொன்றுவிட்டாள். ஆனால் நம் வீடுகளில் சாமிக்கு வைக்கிற பொருளை யாராவது அழுக்கோடு கொடுப்பார்களா? நான் இருந்தாலும் தேய்த்துத்தான் கொடுத்திருப்பேன். அவர் அதைத் திருப்பி அனுப்பவில்லை. பெட்டியின் ஓரத்தில் தனியாக வைத்தார். அதன்பின் எங்கள் வீட்டில் எதையாவது நல்லது செய்கிறேன் என்று கெடுத்தால், "புளி போட்டுத் தேச்சிட்டியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அவருக்கு வெகுநாளாகவே இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. முதலில் இடது கண்ணில் புகை மூட்டியது. லேசர் வைத்தார்கள். பிறகு வலது கண்ணும் மங்க ஆரம்பித்தது. காசைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார், தள்ளிப் பிடிப்பார், ஜன்னலுக்குத் திரும்புவார். கடைசியில் விளிம்பைப் பிடித்தபடியே என்னிடம் நீட்டுவார். "கண்டிஷன் சொல்லு."

நான் சொல்வேன். புருவம் இருக்கு, காது மேல கொஞ்சம் தேஞ்சிருக்கு, கன்னத்துல சின்ன கீறல், விளிம்பு நல்லாருக்கு. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒருநாள், சுமாரான காசு ஒன்றை அவர் சந்தோஷத்துக்காகக் கொஞ்சம் தூக்கிச் சொல்லிவிட்டேன். குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"நீ எனக்காகப் பொய் சொல்லாதே. ரிஜெக்ட்னா ரிஜெக்ட். உன் கண்ண நம்பித்தானே நான் ஒக்காந்திருக்கேன்."

அப்புறம் நான் தூக்கியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

அந்த நாட்களில்தான் அவர் ரொம்பக் காலம் தேடிய காசு கிடைத்தது. கிரீடம் வைத்த தாடிக்கார ராஜா முகம் ஒரு பக்கம், சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் மறுபக்கம், அசல் வெள்ளியில் அடித்த பழைய ஒரு டாலர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அதைத்தான் ஒரு வெள்ளி என்றார்களாம். பெயர் அங்கிருந்துதான் வந்ததாம். விற்பவர் சீனர். தபாலில் அனுப்பமாட்டேன், நேரில் வா என்றுவிட்டார். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகள் இருக்கிற வரிசையில் சந்தித்தோம். சீனர் கடை நிழலில் நின்றபடி காசைக் காட்ட, நான் அதை வாங்கிக்கொண்டு வெயிலுக்கு வந்துவிட்டேன். சாய்த்தேன். வெளிச்சம் ராஜாவைச் சுற்றி ஒரு வட்டம் ஓடி வந்தது.

"ஆன்டி மாத்தா தாஜாம் லா," என்றார் சீனர், என் கண் கூர்மையைப் பற்றி. என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கண்டிஷன் சொல்லு."

"புருவம் இருக்குங்க. தாடியில ஒவ்வொரு முடியா தெரியுது. யாரும் தேய்க்கல. புதுசு."

புதுசு என்ற வார்த்தையை நான் அதற்கு முன் எந்தக் காசுக்கும் சொன்னதில்லை. வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு கொமுட்டர் ரயிலில் திரும்பினோம். வழி முழுக்கக் காசு இருந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் கிள்ளான் வரும்வரை அந்த ராஜாவின் முகத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது செருப்புக்குள் அவர் கால் நுழையவில்லை. பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்தது. அதற்குப் போகிற நாளெல்லாம் வெளுத்துப்போய் வருவார். காசு வாங்குவது தானாக நின்றுபோனது. ஆனால் பெட்டி மட்டும் அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் பாசாருக்குப் போய்விட்டு வந்தால் சிலசமயம் அது அவர் மடியில் இருக்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் மூடிவைப்பார். காசுகள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். மீன் வாங்கி வந்த கையோடு அதற்குமேல் யோசிக்க எனக்கு நேரமும் இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இதயமும் பலவீனமாகியிருந்தது. நெஞ்சில் நீர் கட்டியிருந்தது. டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என் மகனைவிடச் சின்னவள். என்னை வார்டுக்கு வெளியே கூப்பிட்டாள்.

"ஆன்டி, அங்கிளோட கண்டிஷன் நல்லா இல்ல. மூச்சு இன்னும் கஷ்டமானா தொண்டையில ட்யூப் போட்டு மெஷின்ல வைக்கணும். வச்சாலும் எழுந்து வருவாருன்னு எங்களால சொல்ல முடியாது. குடும்பத்துல பேசிச் சொல்லுங்க."

கண்டிஷன் என்ற வார்த்தையை நான் வேறு யார் வாயிலும் அப்படிக் கேட்டதில்லை. உள்ளே வந்தபோது அவர் விழித்திருந்தார். ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கையால் கொஞ்சம் விலக்கினார்.

"டாக்டர் என்னா சொன்னாங்க?"

நான் போர்வையைச் சரி செய்தேன். தலையணையைச் சரி செய்தேன்.

"மறைக்காதே. கண்டிஷன் சொல்லு."

இத்தனை நாள் உள்ளதை உள்ளபடி சொல்லு என்று பழக்கிவிட்டிருந்தார். பொய் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அவரால் என்னைப் பார்க்கத்தான் முடியாது. கேட்க நன்றாகவே முடியும்.

"தேஞ்சிருக்குங்க," என்றேன்.

"மொட்டையா?"

"மொட்டை இல்ல. முகம் தெரியுது."

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமல் அடங்கியதும் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே வச்சிரு. புளி போட்டுத் தேய்க்க விடாதே."

நான் சரி என்றேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன முழு வார்த்தை அதுதான்.

மகன் வேலையிடத்திலிருந்து ஓடிவந்தான். டாக்டர் அவனிடமும் சொன்னாள். அவன் யோசிக்கவே இல்லை. "போடுங்க டாக்டர், என்னென்ன செய்யணுமோ செய்யுங்க," என்றான். நான் வேண்டாம் என்றேன். அவன் என்னை யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவர் சொன்னதைச் சொன்னேன். புளி போட்டுத் தேய்க்க விடாதே என்றார் என்று சொல்லும்போதே அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் காதில் விழுகிறது என்று எனக்கே தெரிந்தது.

"அப்பா காசப் பத்திப் பேசியிருப்பாரும்மா! மருந்து மயக்கத்துல இருக்காரு. அத வச்சா நீங்க முடிவு பண்ணுவீங்க?"

"காசப் பத்தி இல்லடா."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" அவன் குரல் உடைந்துவிட்டது. "ஓவர் ரிஜெக்ட் பண்றீங்கம்மா. அப்பாவப் போயி ஓவர் ரிஜெக்ட் பண்றீங்க."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் மறுபடியும் வேண்டாம் என்றேன். என் கண்ணை நம்பி உட்கார்ந்திருப்பதாகச் சொன்ன மனுஷர். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, புரிந்ததை மாற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை. மகன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதான். மறுநாள் காலையில் நர்ஸ் வந்து திரையை இழுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டி, வேட்டி கட்டி, கூடத்தில் கிடத்தினோம். சடங்கு செய்ய வந்த பெரியவர் திருநீறு பூசி, சந்தனம் குழைத்தார். நெற்றியில் காசு வைக்க வேண்டும்.

"ஒரு வெள்ளிக் காசு இருந்தா கொண்டாங்கப்பா," என்றார்.

ஆளாளுக்குப் பையைத் துழாவினார்கள். எல்லாரிடமும் தாள்தான் இருந்தது. ஐம்பது காசு போதுமா என்று யாரோ கேட்டார்கள். அதற்குள் மகன் உள்ளே ஓடினான். திரும்பி வந்தவன் கையில் அந்தத் தாடிக்கார ராஜா இருந்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் காசு. வெள்ளி என்றதும் அவனுக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. தப்பென்றும் சொல்ல முடியாது. அதுவும் ஒரு வெள்ளிதான். அப்பாவிடம் இருந்ததிலேயே நல்லதை அப்பாவோடு அனுப்ப நினைத்திருக்கிறான்.

எனக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவன் விரல்கள் காசைச் சுற்றி மூடியிருந்ததுதான் தெரிந்தது.

"முகத்துல கைய வைக்காதேடா!" என்று கத்திவிட்டேன்.

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன் பிணமாகக் கிடக்கும்போது காசுக்காகக் கத்துகிறாளே என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்று அன்றைக்கு இருந்தேன். மகன் முகம் வெளுத்துப்போய், காசைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டான். நான் எழுந்துபோய்ப் பெட்டியின் ஓரத்தில் இருந்த கெரிஸ் காசை எடுத்துவந்தேன். கம்போங் மேடான் பெண் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்த ஒரு வெள்ளி. பழக்கத்தில் அதையும் விளிம்பில்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். பெரியவர் சந்தனத்தை வைத்து அதை அவர் நெற்றியில் ஒட்டினார். அவர் சிரிக்கவேண்டும் என்று எனக்குப் பைத்தியம் மாதிரி ஒரு ஆசை வந்தது. அந்தக் காசு அவரோடு போய்விட்டது.

வெள்ளி டாலரை அதன் உறையில் போட்டுப் பெட்டியில் மூடிவைத்தேன். திறக்க மனம் வரவில்லை.

கருமாதி முடிந்தது. மகன் வாரம் தவறாமல் வந்தான். அரிசி வாங்கிப்போட்டான், கழன்ற குழாயை மாற்றினான், பில் கட்டினான். பேச்சு மட்டும் இல்லை. எப்படி இருக்கீங்க என்றால் இருக்கேன் என்பேன். அவன் போனபின் அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். ஒருவேளை அவர் காசைப் பற்றித்தான் சொன்னாரா? மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவர், பெட்டியில் இருக்கும் காசுகளை நான் தேய்த்துவிடப் போகிறேன் என்று பயந்தாரா? அந்த மெஷினில் வைத்திருந்தால் ஒரு தீபாவளியாவது பார்த்திருப்பாரா? தொழிற்சாலையில் ஓவர் ரிஜெக்ட் ஆனதைச் சிவப்புப் பெட்டியிலிருந்து எடுத்து இன்னொருமுறை ஸ்கோப்பில் வைப்பார்கள். அங்கே இன்னொருமுறை உண்டு. என் புருஷனை எரித்துவிட்டேன்.

அந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. தாமான் முழுக்கப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த சாயங்காலத்தில் மகன் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தான். சாப்பிட்டுவிட்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். கை தானாகப் பெட்டிமேல் போனது.

"திறக்கட்டுமாம்மா?"

திற என்றேன். அவன் உறையோடு அந்த டாலரை எடுத்து என்னிடம் நீட்டினான். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. உறையிலிருந்து வெளியே தள்ளியதுமே தெரிந்துவிட்டது. ராஜாவின் முகத்தில் பழுப்பாக ரேகை கிளம்பியிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை மாதம் யாரிடமும் காட்ட முடியாமல் இருந்த கோபம். "பாரு, ஒன் பெருவிரலு! அன்னைக்கே சொன்னேன்ல? ஒங்கப்பா ஆசையா வாங்கினது!"

"நான் முகத்துல புடிக்கலம்மா," என்றான். குரலை உயர்த்தவில்லை. "விளிம்புலதான் புடிச்சிருந்தேன். அப்பா எத்தனை தடவ சொல்லியிருக்காரு. எனக்குத் தெரியாதா?"

நான் லென்ஸை எடுத்தேன். ஒரு ரேகை இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, கொஞ்சம் தள்ளி இன்னொன்றாக, நெற்றியில், மூக்கில், தாடியில். ஒருநாள் ஓடிவந்து எடுத்தவன் கை இவ்வளவு செய்யாது. பல நாள் உட்கார்ந்து தடவினால்தான் இப்படி வரும். எல்லாவற்றிலும் தெளிவாக விழுந்திருந்த ரேகைக்குக் குறுக்கே, சாய்வாக, ஒரு கோடு வெட்டிக்கொண்டு போனது.

அந்தக் கோடு எனக்குத் தெரியும்.

லென்ஸை மகனிடம் கொடுத்தேன். அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு, "அப்பா," என்றான். கையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். நான் பாசாருக்குப் போன காலைகளெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. மடியில் பெட்டி, என் செருப்புச் சத்தம், மூடுகிற கை. முகத்தில் கை படக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். பட்டால் காசு கெட்டுப்போகும் என்று எங்களைவிட நன்றாகத் தெரிந்தவர். தெரிந்தே தொட்டிருக்கிறார். அப்படியானால் ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா? கெட்டால் கெடட்டும், கையில் இருந்தால் போதும் என்று இன்னொரு மனசும் அவருக்கு இருந்திருக்கிறது. அதை என்னிடம் அவர் காட்டவே இல்லை.

"ரிஜெக்டாம்மா?" என்று மகன் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை.

காசை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த ரேகைகளின் மேல் என் பெருவிரலை வைத்தேன். முதல்முறையாக வைத்தேன். கிரீடம் தட்டுப்பட்டது. புருவம் தட்டுப்பட்டது. மூக்கு, அதன்கீழே மீசை, தாடியின் ஒவ்வொரு வரியும். நான் வார்த்தை வார்த்தையாகச் சொல்லி வந்ததெல்லாம் விரலுக்கு ஒரு நொடியில் தெரிந்தது. நான் சொன்னால்தான் அவருக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மகன் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நான் அழுதுகொண்டே காசை அவனிடம் நீட்டினேன். அவன் விளிம்பைப் பிடிக்கவில்லை.